தலையசைக்கும் வரை

பால் இன்னும் பொங்கவில்லை. வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் இப்படியே இருக்கிறவரை பயமில்லை என்று அமிர்தம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு, இதென்ன பைத்தியக்காரப் பேச்சு, பால் பொங்காமல் தேநீர் எங்கிருந்து வரும் என்று தன்னையே கடிந்துகொண்டாள். வாசலில் தம்பி லோகு எதிர்வீட்டுக்காரரின் பழைய காரைக் கழுவுகிறான். கழுவுவது பேருக்குத்தான். குழாயில் ரப்பர் பைப்பை மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, சாட்ஸ்வொர்த் மேட்டில் வளைந்து ஏறிவரும் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஸ்பெஷல் பிராஞ்ச் போலீஸ் கார் திருப்பத்தில் தெரிந்தால் குழாயை மூடிவிடுவான். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டால் முன்னறையில் இருக்கும் வுசி பக்கத்துச் சன்னல் வழியாகத் தோட்டத்தில் இறங்கிப் புல் வெட்டத் தொடங்க வேண்டும். பின்னறையில் இருக்கும் தோக்கோ இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்க வேண்டும். நடுவில் சமையலறை. சமையலறையில் அமிர்தம், ஸ்டவ், பால், காதெல்லாம் தண்ணீர். சூலு இனத்தவர்களான வுசிக்கும் தோக்கோவுக்கும் வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. தடை என்றால் சிறை இல்லை, சிறையைத் தைத்து ஆளுக்குச் சட்டையாக மாட்டிவிடுவது. தடை வாங்கியவர் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசலாம், இன்னொருவர் வந்து நின்றால் அது கூட்டம். தடை வாங்கிய இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசவே கூடாது. அவர்கள் சொன்னதைப் பத்திரிகையில் போடக் கூடாது, யாரும் எடுத்துச் சொல்லவும் கூடாது. அதனால் இயக்கத்தின் செயற்குழு இப்போது இப்படித்தான் கூடுகிறது. ஆளுக்கொரு அறை, இடையில் அமிர்தத்தின் கால்கள். அவளுக்கு மட்டும் தடை இல்லை. இயக்கத்தை ஆரம்பித்த நாலு பேரில் அவளும் ஒருத்தி, ஆனாலும் செயலாளர் என்றால் டைப் அடிக்கிறவள்தானே என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் அவமானம்கூட உண்டு. பயம் அதைவிட நிறைய உண்டு. எல்லாவற்றையும் அவளே சுமக்க வேண்டியிருக்கிறது, ஓர் எழுத்துக்கூடத் தாளில் இல்லாமல்.

தேயிலையை அள்ளிப் போட்டாள். கூடப் போய்விட்டது, போகட்டும், வுசிக்குக் கடுந்தேநீர்தான் பிடிக்கும். முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் எதில் தேநீர் குடித்தான் என்று யாராவது கேட்டால் அவள் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். அம்மாதான் போட்டுக் கொடுத்தாள். நல்ல தேநீர்தான், இஞ்சி தட்டிப் போட்டது. கொடுத்தது மட்டும் பின்வாசலில் ஆணியில் தொங்கும் தகரக் குவளையில். அந்தக் குவளை எந்த வீட்டில்தான் இல்லை, இந்த வரிசை முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள்தான், எல்லா வீட்டுப் பின்வாசலிலும் ஒரு குவளை தொங்கும், துணி வெளுக்க வரும் சூலு அம்மாவுக்கு, நிலக்கரி போட வரும் ஆளுக்கு. வீட்டுப் பாத்திரத்தோடு அது சேராது, தனியாகக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைப்பார்கள். அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். இன்று காலையில்கூட மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு வருதா, அதுக்கு வயிறு ஒட்டிக் கெடக்கு, சோறு போட்டு அனுப்பு" என்று தோக்கோவுக்காகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். தோக்கோ வந்தது வெளுக்கிறவளாக. தலையில் துணி மூட்டை, காலில் பழைய செருப்பு. டாக்டர் படிப்பில் கடைசி வருஷம், விரல்நுனியால் தொட்டே குழந்தை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள், அவள் தலையில் அழுக்கு மூட்டையோடு மேடேறி வந்தாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவள் பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒருத்திதான். "அமிர்தம், வேல முடிஞ்சதும் அவள எங்க வூட்டுக்கும் அனுப்பு, போர்வ ரெண்டு கெடக்கு" என்று வேலிக்கு மேலே கத்தினாள். தோக்கோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூட்டையை இறக்கி, "பாரு, இந்த நாட்டுல எனக்கு நடமாட இதவிட நல்ல பாஸ் சீட்டு கெடைக்காது" என்றாள். அமிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பால் பொங்கி வந்தது. அணைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குவளையில்தான் இயக்கமே பிறந்தது என்று வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாலு பேரும் நாற்காலியைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பாதிரிமார் விடுதிச் சாப்பாட்டுக்கூடம், சுவரில் ஈரம், ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அட்டை. சட்டப் படிப்பிலிருந்து துரத்தப்பட்ட வுசி. தோக்கோ. வென்ட்வொர்த்திலிருந்து வந்த ரேமண்ட், அரசாங்கம் கலர்டு என்று பெயர் வைத்துத் தனிப்பேட்டையில் ஒதுக்கிய கலப்பின ஜனங்களின் பள்ளிக்கூட வாத்தியார், எந்தப் பேச்சையும் பாதிப் பாட்டாகவே பேசுகிறவன். அப்புறம் அமிர்தம். வெள்ளையர் அல்லாதோர் என்று பலகை மாட்டிய பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த 'அல்லாதோர்' என்பதே நம் பெயராகிவிட்டது, இன்னொருத்தன் இல்லை என்பதா ஒரு மனுஷனுக்குப் பெயர், இனிமேல் நாம் எல்லோரும் கறுப்பர், சூலுவும் தமிழரும் கலர்டும் ஒரே கறுப்பர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அமிர்தம்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். கறுப்பு என்ற சொல் அவளுக்குப் புதிதா என்ன. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பலகாரத்தை நன்றாகத் தின்றுவிட்டு, பெண் கொஞ்சம் நிறம் கம்மி என்று சொல்லியனுப்பிய சொல்தானே. அதைத் தலை நிமிர்ந்து சொல்ல ஓர் இடம் கிடைத்ததே என்று நெஞ்சு நிறைந்து சொன்னாள். அப்போது வுசி எழுந்தான். "கேக்க நல்லாத்தான் இருக்கு சிஸி. உங்க வீட்டுக்கு வந்தா எனக்குத் தகரக் குவளையிலதான டீ." சிஸி என்றால் அக்கா. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் சொன்னான். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது, அது எங்கம்மா செய்தது, நானா செய்தேன் என்று ஆரம்பித்தாள், வுசி குரலை உயர்த்தினான், ரேமண்ட் மேசையைத் தட்டினான், அங்கேயே எல்லாம் முடிந்துபோயிருக்கும். தோக்கோதான் கையை உயர்த்தினாள். "பதில் அப்புறம். மொதல்ல அவன் சொன்னத நீ சொல்லு. அவன் சொன்னான்னு சொல்லாத. நான்னு சொல்லு. அவன் தலையசைக்கிற வரைக்கும் சொல்லு." அமிர்தம் சொன்னாள். நான் வுசி. நான் அமிர்தத்தின் வீட்டுக்குப் போனால் எனக்குத் தகரக் குவளையில்தான் தேநீர். வுசி தலையசைக்கவில்லை. இன்னும் இருக்கிறது என்றான். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அந்தக் குவளையில் வாயை வைக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அவன் சொல்லச் சொல்ல, அவள் நான் நான் என்று திருப்பிச் சொன்னாள், கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள், அவன் தலையசைத்தான். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். எவரும் தன் பேச்சை ஆரம்பிக்கும் முன்னால், முன்னவர் பேச்சை அவரே தலையசைக்கும்படி சொல்லிவிட வேண்டும். ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டங்கள் நீண்டுகொண்டே போகும், ரேமண்ட் கொட்டாவி விடுவான், பசி பிடுங்கும், ஆனால் ஒருவரும் இயக்கத்தை விட்டுப் போகவில்லை. ரேமண்ட் மட்டும்தான் போனான்.

ரேமண்ட் வழுக்கி விழுந்துவிட்டானாம். போலீஸ் தலைமையகத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்களாம், படிக்கட்டில் இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டானாம். அமிர்தம் கோப்பைகளை எடுத்தாள். பூப்போட்ட கோப்பைகள், அம்மா கல்யாணத்துக்கு வந்தவை. எந்தப் படிக்கட்டு. அவள் மனம் திரும்பத் திரும்ப அந்தப் படிக்கட்டில்தான் போய் நிற்கிறது. சிமெண்டா, மரமா, கைப்பிடி உண்டா. ரேமண்டுக்குப் பந்தாட்டக்காரன் கால், மழையில் சேற்றில் ஓடுவான், வழுக்கவே வழுக்காது. உடம்பைத் தரும்போது பெட்டியை ஆணி அடித்துத்தான் கொடுத்தார்கள். நாளை அவனுக்கு அஞ்சலிக் கூட்டம். பந்தாட்ட மைதானத்தில். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, மில்களில், பஸ் நிற்குமிடங்களில், உம்லாசியில், வென்ட்வொர்த்தில். இன்று காலை ரேடியோவில் மந்திரி பேசினார். கூட்டத்துக்குத் தடை. கூடினால் அதன் விளைவுக்கு அரசாங்கம் பொறுப்பில்லை. விளைவு என்ற சொல்லை அவர் வெண்ணெய் தடவுவதுபோலச் சொன்னார். வுசியும் தோக்கோவும் மேடை ஏற முடியாது, தடை வாங்கியவர்கள். மேடையில் பேசுவதற்கு என்று இயக்கம் முடிவு செய்திருந்தது ஒருவனைத்தான். போன வருஷம் பருத்தி மில் வேலைநிறுத்தத்தில் கேட்டின் மேல் ஏறி நின்று பேசினானே, சாயப் பட்டறைக்காரன், முழங்கைவரை நீலம் பிடித்த கை, கழுவிக் கழுவியும் போகாத நீலம். லோகு. அவள் தம்பி. நடத்துவதா, நிறுத்துவதா. அதைத்தான் இரண்டு அறையும் இன்று முடிவு செய்ய வேண்டும். இருட்டுவதற்குள் சொல்லியனுப்பினால்தான் ஊர் முழுக்கச் சேதி போகும். அப்பா போன பிறகு அவனுக்கு முடி வெட்டிவிட்டது யார். சைக்கிளின் பின்னால் ஓடியது யார். அந்தக் கழுத்தில் ஒரு மச்சம் இருக்கிறது, வலது காதுக்குக் கீழே, அது அவனுக்கே தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். ஆணி அடித்த பெட்டியில் மச்சத்தை எப்படிப் பார்ப்பது. சீ. என்ன நினைப்பு இது. நினைக்காதே. சர்க்கரை போட்டாயா, போட்டாயிற்று. தண்ணீர் ஓடுகிறதா, ஓடுகிறது.

முன்னறையில் வுசி நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்திருந்தான், சுவரில் சாய்ந்து, சன்னலுக்குத் தெரியாமல். கைகளில் நிஜமாகவே புல் வெட்டிய பச்சைக் கறை. கோப்பையை வாங்கிக்கொண்டு, "என் குவளை எங்க சிஸி, இந்தப் பூக்கோப்பை கையில வழுக்குது" என்றான். எப்போதும் சொல்கிற கேலிதான். இன்று வழுக்குது என்று வாயில் வந்ததும் அவனே நிறுத்திக்கொண்டான். அமிர்தம் கதவை ஒட்டி நின்று, தோக்கோ கொடுத்தனுப்பியதைச் சொன்னாள். "நான் தோக்கோ. ஒரு சாவுக் கூட்டத்துலேருந்து இன்னொரு சாவு வேணாம்னு நெனைக்கிறேன். ஆனா நான் ஆஸ்பத்திரியிலேயே கெடக்கேன், வெளிய ஜனங்க மனசு எனக்குத் தெரியல. நீ தெருவுல இருக்கறவன். உனக்குத் தயக்கமில்லன்னா எனக்கும் இல்ல. உனக்குள்ள ஒரு துளி தயக்கம் இருந்தாலும் நிறுத்திடலாம்." வுசி கண்ணை மூடிக் கேட்டான். அவள் குரலில் தோக்கோவைக் கேட்கிறவன் மாதிரி. ஆறு மாதமாயிற்று அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, ஒரே வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்தும் ஓர் இருமல்கூடப் பகிர்ந்துகொள்ள முடியாது. அவன் அதைத் திருப்பிச் சொன்னான், அமிர்தம் தோக்கோவுக்காகத் தலையசைத்தாள். பிறகு அவன் தன் பேச்சைச் சொன்னான். "எனக்குத் தயக்கம் இல்ல. ரேமண்டுக்காக நாம வாய் தெறக்கலன்னா அடுத்தவனும் வழுக்குவான். மந்திரி ரேடியோவுல பேசினதே பயத்துலதான். நடத்தணும்." சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். "லோகு நல்லாப் பேசுவான்" என்றான். அது பேச்சில் சேருமா, சேராதா. அமிர்தம் அதையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னாள். லோகு நல்லாப் பேசுவான். வுசி தலையசைத்தான். அவன் பார்வையில் ஏதாவது கேள்வி இருந்ததா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தாள். இருந்திருக்கலாம். வழக்கப்படி, செய்தி சுமக்கிறவளிடம் யாரும் கேட்பதில்லை.

அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் என்ன தூரம், ஒரு சமையலறை, ஒரு நடை, சுவரில் ஒரு சாமிப் படம், கீழே குடை வைக்கும் பானை. அந்த நடையில் அவள் நின்றாள். தயக்கமில்லை என்று வுசி சொன்னான். தயக்கம் என்று சொன்னால் என்ன ஆகும். ஒரு சொல்லில் ஒரு பகுதி. ஒருவருக்கும் தெரியாது. எப்போது தெரியும், தடை நீங்கும்போது, ஐந்து வருஷம் கழித்து, அப்போது லோகு உயிரோடு இருப்பான், இவர்கள் இருவரும் திட்டட்டும், காறித் துப்பட்டும். தடை வாங்கியவர் சொன்னதை எடுத்துச் சொல்வதே குற்றம் என்கிறது அரசாங்கம், மாற்றிச் சொன்னால் அது குற்றமா இல்லையா, அரசாங்கத்தையே கேட்கலாம் போலிருக்கிறது. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நடுவிலேயே நின்றது. அவள் மட்டும்தான் சுமக்கிறாள், சுமக்கிற ஆள் கொஞ்சம் இறக்கிவைத்தால் என்ன. அவளிடம் யார் கேட்டார்கள். இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பேருடைய நானை அவள் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள், நான் வுசி, நான் தோக்கோ, நான் ரேமண்ட், மில்லுக்காரர்கள், மாணவர்கள். நான் அமிர்தம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாளா. அப்போதுதான் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நின்றே விட்டது. காதுக்குள் ஒரு பெரிய வெறுமை விழுந்தது. முன்னறையில் சன்னல் கொக்கி கிளிக்கென்றது, பின்னறையில் இஸ்திரிப் பெட்டி பலகையில் இடித்தது. இனிக் கார்க் கதவு. பூட்ஸ். எந்தப் படிக்கட்டு. கைப்பிடி உண்டா. பிறகு "ஒண்ணுமில்ல, பைப்பு கழண்டுடிச்சு" என்று லோகு ஊருக்கே சொல்வதுபோல உரக்கச் சொன்னான், தண்ணீர் மறுபடி சீறியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வெறுமை காதைவிட்டுப் போகவில்லை. நாளை இதே மாதிரி அவன் குரல் நின்றுபோனால், பைப்பு கழன்றது என்று யார் வந்து சொல்வார்கள். சொல்லிவிடலாம். பொய்தான். சொல்லிவிடலாம்.

பின்னறையில் தோக்கோ இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாய் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள், பயத்தில் வருகிற சிரிப்பு. லோகுவின் வெள்ளைச் சட்டை ஒன்று பலகையில் பாதி தேய்த்தபடி கிடந்தது. நாளைக்குப் போடும் சட்டை. அமிர்தம் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். தேநீரை வைத்தாள். "நான் வுசி," என்றாள். நாக்கு எவ்வளவு லேசாகப் புரண்டது. "நடத்தணும்னுதான் நெனச்சேன். ஆனா எனக்குள்ள தயக்கம் இருக்கு. மந்திரி பேசினதுக்கப்புறம் ஜனங்க வருவாங்களான்னு தெரியல. மேடையில இருக்கற பையன் ஒருத்தன் தலையில எல்லாத்தையும் வெக்கறோம். அவங்க அவனத்தான் மொதல்ல புடிப்பாங்க. ரேமண்ட கொண்டுபோன எடத்துக்கேதான் கொண்டுபோவாங்க. அந்தப் படிக்கட்டு எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சு எனக்குப் பைத்தியம் புடிக்குது." கடைசி வாக்கியம் தானாக வந்துவிட்டது, அவள் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. தோக்கோ சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு மெதுவாக, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். எனக்குள் தயக்கம் இருக்கிறது. மேடையில் இருக்கும் பையன். ரேமண்டைக் கொண்டுபோன இடம். படிக்கட்டு. சொல்லிவிட்டு அமிர்தத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வுசிக்காக அமிர்தம் தலையசைக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. தலையை ஒரு தடவை கீழே இறக்கி மேலே ஏற்ற வேண்டும். கழுத்து அசையவில்லை. நாக்கு ஒப்புக்கொண்டதைக் கழுத்து ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனை தடவை எத்தனை பேருக்காக ஆடிய தலை, அழுதபோதுகூட ஆடிய தலை, இன்று மரம்போல நின்றது. வெளியே தண்ணீர். தோக்கோ எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள், விரல்நுனியால், வயிற்றுப்பிள்ளையைத் தேடுவதுபோல. "இது வுசி இல்ல," என்றாள். கோபமே இல்லை. "அவன் படிக்கட்டப் பத்திப் பேசமாட்டான். இது யாரு?" அமிர்தம் சொன்னாள். "நான்தான்."

"சரி, அப்ப சரியாச் சொல்றேன்" என்று தோக்கோ அவள் கையை விடாமலே சொன்னாள். "நான் அமிர்தம். என் தம்பிய நான்தான் வளர்த்தேன். அவன அவங்க கையில குடுக்க எனக்கு மனசில்ல. எல்லாரு பேச்சையும் சுமந்தேன், என்ன யாரும் கேக்கல." அமிர்தம் தலையசைத்தாள். அசைத்தது மட்டும் நினைவிருக்கிறது, அப்புறம் தோக்கோவின் தோளில் மூட்டைத் துணி வாசம், சோப்பு, வியர்வை, ஆஸ்பத்திரி டெட்டால். தன்னுடைய பயம் இன்னொரு வாயிலிருந்து வந்தபோது அது அவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் அதன் உண்மை குறையவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வுசி சொன்னதை உள்ளது உள்ளபடி சொன்னாள், தயக்கமில்லை என்றதிலிருந்து, அடுத்தவனும் வழுக்குவான் என்பதிலிருந்து, லோகு நல்லாப் பேசுவான் வரைக்கும். இந்தத் தடவை தலை தானாக அசைந்தது. தோக்கோ நெடுநேரம் பாதி தேய்த்த சட்டையைப் பார்த்தாள். "வுசி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ரெண்டையும் நான் எடை போடறேன். ஆனா அமிர்தம், மூணு பேரும் அவனப் பத்தியே பேசறோம். அவன யாராவது கேட்டமா?" யாரை என்று அமிர்தம் கேட்கவில்லை. கேட்கவில்லைதான். கூட்டத்துக்குப் பேச்சாளர் என்று முடிவு செய்தபோது, சரி என்றான், அதோடு சரி. அவன் சரி என்றதை அன்று யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அவன் காரைக் கழுவினான், காவல் நின்றான், எல்லாப் பேச்சும் அவனைச் சுற்றித்தான் நடந்தது. கூடப்பிறந்தவன் என்றால் கேட்காமலே தெரியும் என்ற நினைப்பு. அம்மாவுக்கும் அப்படித்தானே, குவளையில் குடிக்கிறவன் மனசு கேட்காமலே தெரியும் என்ற நினைப்பு. அமிர்தம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

இந்த நாட்டு ஆடி மாதக் குளிர்கால வெயில் சாய்ந்து மேடு முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் மஞ்சளாகியிருந்தன. கோயிலிலிருந்து உடுக்கைச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. லோகு தெருவைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "முடிஞ்சுதாக்கா?" என்றான். "இல்ல. உன்னக் கேக்கணும்." "என்னயா?" என்று சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது. பைப்பின் வாயை விரலால் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, காரின் ஒரே கதவுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு தெருவைப் பார்த்தபடியே பேசினான். "மில்லு கேட்டு மேல ஏறினப்போ எனக்குக் காலு நடுங்கிச்சுக்கா. கீழ விழுந்துடுவேன்னு நெனச்சேன். ரேமண்ட் பின்னால ஏறி நின்னு என் சட்டையப் புடிச்சுக்கிட்டான். யாருக்கும் தெரியாது. பேசி முடிக்கிற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நின்னான். நாளைக்கு யாரும் பேசலன்னா, அவன் வழுக்கித்தான் விழுந்தான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. எனக்குப் பயமா இருக்கு. வயித்தக் கலக்குது. கண்ண மூடினா அந்தப் படிக்கட்டுதான். ஆனா ஏறுவேன். நீங்க வேணாம்னு முடிவு பண்ணினாலும் ஒத்தையா வந்து நிப்பேன்."

படிக்கட்டு. அவனுக்கும் அதே படிக்கட்டு. இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பானையில் சோறு, ஆளுக்கொரு அறையில் ஒரே படிக்கட்டை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள், ஒரு தடையும் இல்லாமலே. அமிர்தம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் லோகு," என்றாள். "மில்லு கேட்டுல எனக்குக் காலு நடுங்கிச்சு. ரேமண்ட் பின்னால நின்னு சட்டையப் புடிச்சுக்கிட்டான். நாளைக்கு யாரும் பேசலன்னா அவன் வழுக்கித்தான் விழுந்தான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் ஏறுவேன். வேணாம்னாலும் ஒத்தையா வந்து நிப்பேன்." நிறுத்தினாள். காத்திருந்தாள். அவன் தலையசைக்கவில்லை. தண்ணீர் தரையில் வழிந்து அவள் காலை நனைத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. "விட்டுட்டியேக்கா," என்றான். "எத?" "பயமா இருக்குன்னு சொன்னேனே. அத விட்டுட்ட." விட்டுவிட்டாள்தான். தெரிந்தே விடவில்லை, வாய் அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. தன் பயத்தை வுசியின் பெயர் போட்டு அறைக்கு அறை தூக்கிப்போனவள், இவன் பயத்தை மட்டும் தூக்க முடியாமல் வழியிலேயே போட்டுவிட்டாள். அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். முதுகில் சட்டை நனைந்திருந்தது. வலது காதுக்குக் கீழே அந்த மச்சம். ஈரச் சட்டையை இடுப்புக்கு மேலே கைநிறையச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நான் லோகு," என்று மறுபடி ஆரம்பித்தாள், முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல். அந்த இடம் வந்தபோது நின்றாள். கோயில் உடுக்கை கேட்டது, நின்றது. "எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "வயித்தக் கலக்குது. கண்ண மூடினா அந்தப் படிக்கட்டுதான். ஆனா ஏறுவேன்." லோகு தெருவைவிட்டு முதல் தடவையாகக் கண்ணை எடுத்து, திரும்பி அவளைப் பார்த்தான். தலையசைத்தான். உள்ளே இரண்டு அறைகளிலும் காத்திருந்தார்கள். இதை அவர்களுக்கு ஒரு சொல் குறையாமல் கொண்டுபோக வேண்டும். சட்டையை விடுவதற்குத்தான் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.